ஹிட் ஆக வேண்டிய பாட்டு வேறு: ‘ஹாலிடே இன்’ படத்துக்கு என்ன ஆனது?

‘ஹாலிடே இன்’ படம் நியூயார்க்கின் பாரமவுண்ட் தியேட்டரில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட தேதி 1942 ஆகஸ்ட் 4. அங்கே அது நல்ல கோடை. பனி, அலங்கார மரம், மணி, கணப்பு என்று எல்லாம் இருக்கிற, இன்றைக்கு டிசம்பர் வந்தால் அமெரிக்க டிவியில் ஓடுகிற ஒரு படத்தை எதற்காக ஆகஸ்டில் இறக்கினார்கள் என்று தோன்றும். காரணம் ரொம்ப சாதாரணமானது. எடுத்தவர்கள் அதைக் கிறிஸ்துமஸ் படம் என்று நினைத்து எடுக்கவே இல்லை. ஆண்டின் விடுமுறை நாள்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு, நடுவில் இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணுக்காக அடித்துக்கொள்ளும் காதல் கதை, இவ்வளவுதான் திட்டம். எல்லாரும் பணம் கட்டிய குதிரை காதலர் தினப் பாட்டு. கிறிஸ்துமஸ் பாட்டு பத்தோடு பதினொன்று.

அந்தப் பதினொன்று என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். பிங் கிராஸ்பி பாடிய ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’, கின்னஸ் கணக்கில் உலகத்திலேயே அதிகம் விற்ற சிங்கிள், அதாவது தனிப்பாட்டு வெளியீடு. 5 கோடி பிரதிகள் என்று மதிப்பிடுகிறார்கள். படத்தின் பெயரே தெரியாதவர்களுக்கும் பாட்டு தெரியும். தன் பாட்டிடமே தோற்றுப்போன படம் இது.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டால், “போர்க்காலம், வீட்டு ஞாபகம், அவ்வளவுதான்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது பாதி பதிலாகத்தான் படுகிறது. மீதிப் பாதி படத்துக்குள்ளேயே இருக்கிறது, அந்தப் பாட்டை எங்கே வைத்தார்கள், எப்படிப் படமாக்கினார்கள் என்பதில்.

காலண்டரை வைத்து ஒரு படம்

யோசனை இர்விங் பெர்லினுடையது. 1888இல் அன்றைய ரஷ்யப் பேரரசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா யூத வழிபாட்டில் பாடுபவர். ஐந்து வயதில் குடும்பத்தோடு நியூயார்க் வந்து இறங்கினார். இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ அவருக்குக் கடைசிவரை வராது. பியானோவில் கறுப்புக் கட்டைகளை மட்டுமே நம்பி வாசிப்பார், சுருதி மாற்ற வேண்டுமென்றால் பியானோவுக்கு அடியில் இருக்கும் ஒரு நெம்புகோலைத் திருப்புவார், அவர் வாசிக்கிறதைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித்தர ஓர் உதவியாளர். இப்படி ஒரு ஆள்தான் அமெரிக்காவின் பாதிப் பாட்டுகளை எழுதியவர் என்று சொல்லலாம். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை.

1933இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ஒரு நிகழ்ச்சிக்காக அவர் ஈஸ்டர் திருநாளை வைத்து ‘ஈஸ்டர் பரேட்’ எழுதினார். அது நன்றாகப் போனதும், ஈஸ்டருக்கு ஒன்று இருக்கிறதே, மற்ற நாள்களுக்கும் எழுதினால் என்ன என்ற எண்ணம் வந்தது. மேடைக்காக நினைத்தது பிறகு மார்க் சாண்ட்ரிச்சிடம் வந்து சினிமாவாக மாறியது. பிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் சேர்ந்து ஆடிய படங்களில் ஐந்தை இயக்கியவர் சாண்ட்ரிச். பாட்டையும் நடனத்தையும் கதைக்குள் எங்கே சொருகுவது என்பதில் கைதேர்ந்தவர்.

கதை இது. ஜிம் (கிராஸ்பி), டெட் (அஸ்டேர்), லைலா (வர்ஜீனியா டேல்) மூவரும் நியூயார்க் நைட் கிளப்பில் சேர்ந்து ஆடிப் பாடுகிறவர்கள். விடுமுறை நாளில்கூட வேலை செய்ய வேண்டியிருக்கிறதே என்று சலித்துப்போன ஜிம், லைலாவைக் கல்யாணம் செய்துகொண்டு கனெக்டிகட்டில் ஒரு பண்ணையில் போய் உட்காரத் திட்டம் போடுகிறான். லைலா டெட்டோடு போய்விடுகிறாள். ஜிம் மட்டும் பண்ணைக்குப் போகிறான். நிம்மதி தேடிப் போனவனை மாடும் விறகும் குளிரும் சேர்ந்து ஒரு வழி பண்ணிவிடுகின்றன, கடைசியில் சானடோரியம் என்கிற ஓய்வு மருத்துவமனையில் படுக்க வேண்டியதாகிவிடுகிறது. அங்கிருந்து வரும்போது ஒரு புது யோசனையோடு வருகிறான்: பண்ணை வீட்டை விடுதியாக்கி, பொது விடுமுறை நாள்களில் மட்டும் திறப்பது. வருடத்துக்குப் பதினைந்து நாள் வேலை, மீதி நாளெல்லாம் சும்மா இருக்கலாம். சோம்பேறித்தனத்தை இவ்வளவு கவனமாகத் திட்டமிட்ட கதாநாயகன் ஹாலிவுட்டில் குறைவு.

அங்கே பாட வந்து சேர்கிறாள் லிண்டா (மார்ஜரி ரெனால்ட்ஸ்). அவளுக்குப் பாட்டில் குரல் கொடுத்தது மார்த்தா மியர்ஸ் என்ற பாடகி. லைலாவால் கைவிடப்பட்ட டெட், குடித்துவிட்டு அங்கே வந்து சேர்கிறான். லிண்டாவோடு ஆடுகிறான். அப்புறம் ஒவ்வொரு விடுமுறையும் ஒரு சண்டை.

இந்தக் காலண்டர் அமைப்பை அவர்கள் எவ்வளவு விளையாட்டாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு நவம்பர் மாதத்தில் வரும் கார்ட்டூன் நல்ல உதாரணம். திரையில் காலண்டர் தாள், அதில் ஒரு வான்கோழி ஒரு வியாழனிலிருந்து இன்னொரு வியாழனுக்குத் தாவி, எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறது. இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்குப் புரியாது. 1939இல் அதிபர் ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குக் கூடுதலாக ஒரு வாரம் கிடைக்கட்டும் என்று நவம்பர் வியாழனில் வான்கோழி விருந்தோடு கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங் நாளை ஒரு வாரம் முன்னே இழுத்தார். சில மாநிலங்கள் ஒப்புக்கொண்டன, சில முடியாது என்றன, நாடு இரண்டு தேங்க்ஸ்கிவிங் கொண்டாடியது. நான்காவது வியாழன்தான் என்று சட்டம் வந்தது 1941 டிசம்பர் கடைசியில், அதாவது இந்தப் படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது. அந்த வான்கோழி அன்றைய ரசிகர்களுக்கு நேற்றைய செய்தித்தாள்.

வாஷிங்டன் பிறந்தநாள் பகுதியும் எனக்குப் பிடித்தது. டெட்டும் லிண்டாவும் 18ஆம் நூற்றாண்டு உடையில், வெள்ளை விக்கோடு, மினுவெட் என்ற நிதானமான பழைய ஜோடி நடனத்தை ஆட வேண்டும். இருவரும் நெருங்கிவிடக் கூடாதே என்ற பொறாமையில் ஜிம், அவர்கள் முத்தத்துக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் இசைக்குழுவைத் திடீரென்று ஜாஸுக்கு மாற்றுகிறான். ஆட்டம் உடைகிறது, மறுபடி மினுவெட், மறுபடி ஜாஸ். அஸ்டேரின் கால் ஒவ்வொரு முறையும் அரை நொடியில் தாளத்தைப் பிடித்துக்கொள்வதைப் பாருங்கள், நகைச்சுவைக் காட்சிக்குள் எவ்வளவு கடினமான நடனத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். டிசம்பர் 31 அன்று அவர் போதையில் ஆடும் ஆட்டத்துக்கு, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் நிஜமாகவே குடித்தார் என்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, முழங்கால் மடங்குகிற விதம் நிஜம் மாதிரிதான் இருக்கிறது.

மூன்று போட்டியாளர்கள்

ஆக, படத்தில் ஹிட் ஆகக்கூடிய பாட்டுகள் என்று மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது எல்லாரும் நம்பிய காதலர் தினப் பாட்டு, ‘பீ கேர்ஃபுல், இட்ஸ் மை ஹார்ட்’. இசைத்தட்டு வந்த புதிதில் விற்பனைப் பட்டியலில் முந்திக்கொண்டு ஏறியதும் இதுதான், கணிப்பு ஒன்றும் முட்டாள்தனமானதல்ல. இரண்டாவது, நேரம் சரியாக அமைந்த பாட்டு. படப்பிடிப்பு 1941 நவம்பரில் தொடங்கியது, டிசம்பர் 7 அன்று அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. அமெரிக்கா இரண்டாம் உலகப் போருக்குள் போய்விட்டது. அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 பகுதியின் தேசபக்தியைக் கூட்டினார்கள். கிராஸ்பி சுதந்திரத்தைப் பற்றி ஒரு பாட்டு பாட, பின்னால் ஆயுதத் தொழிற்சாலை, விமானங்கள், ஜெனரல் மெக்கார்தர், ரூஸ்வெல்ட் என்று செய்திப்பட நறுக்குகள் ஓடும். அதையடுத்து அஸ்டேர் தனியாக மேடையில், பையிலிருந்து வெடிகளை எடுத்துத் தரையில் வீசி, ஒவ்வொரு வெடிச்சத்தத்தையும் தன் ஷூ சத்தத்தோடு கோத்து ஒரு தாளமாக்குகிறார். 38 டேக் ஆனதாகச் சொல்லப்படும் நடனம். போருக்குப் போகிற தேசத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எதைத் தர முடியும்?

மூன்றாவது, பனியைப் பற்றிய பாட்டு. 1940 தொடக்கத்திலேயே, படத்துக்கு முன்பே பெர்லின் எழுதி வைத்திருந்தது. பெரிய இசையமைப்பு வித்தை எதுவும் இல்லை. இயேசு பிறந்தார் என்றுகூட இல்லை. முன்பு தெரிந்த ஒரு பனிக்கால கிறிஸ்துமஸ் மாதிரி இன்னொன்று வராதா என்று ஒருவர் ஏங்குகிறார், வாழ்த்து அட்டை எழுதும்போது அந்த நினைப்பு வருகிறது, அவ்வளவே.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பெர்லின் எழுதியபோது இந்தப் பாட்டுக்கு ஒரு முன்வரிப் பகுதி இருந்தது. அதில் பாடுகிறவர் பெவர்லி ஹில்ஸில் இருக்கிறார். வெயிலடிக்கிறது, புல் பச்சையாக இருக்கிறது, ஆரஞ்சு மரமும் பனைமரமும் ஆடுகின்றன. தேதியோ டிசம்பர் 24, இவருக்கு மனசு வடக்கே போக ஏங்குகிறது. அதாவது முதலில் அது லேசான கிண்டல் கலந்த பாட்டு, கலிபோர்னியாவின் பணக்கார வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனிக்காகப் புலம்புகிற ஒருவரின் பாட்டு. படத்தில் ஜிம் கனெக்டிகட் பண்ணை வீட்டில் இருக்கிறான், அங்கே பனைமரத்துக்கு இடமில்லை, அந்தப் பகுதி போய்விட்டது. கிண்டலும் அதோடு போய்விட்டது. மிஞ்சியது ஏக்கம் மட்டும். யார் வேண்டுமானாலும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளக்கூடிய ஏக்கம்.

ஒரே பியானோ, இரண்டு காட்சிகள்

இனி படத்துக்குள் வருவோம். ஏறக்குறைய எல்லாப் பாட்டும் யாரோ பார்ப்பதற்காகப் பாடப்படுகிறது. நைட் கிளப்பில் ரசிகர்கள், விடுதியில் விருந்தினர்கள், மேடை, உடை, விளக்கு. விலகி நிற்பவை ஓரிரண்டுதான், அவற்றில் முக்கியமானவை ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’, அப்புறம் அந்தக் காதலர் தினப் பாட்டு. இரண்டுமே காலியான விடுதிக் கூடத்தில், ஒரே பியானோவில், ஒரே ஆள் பாடுவது. அப்படியானால் ஒன்று ஜெயித்து இன்னொன்று ஏன் தோற்றது?

காதலர் தினக் காட்சியைப் பாருங்கள். ஜிம் தன் புதுப் பாட்டை லிண்டாவுக்குப் பரிசாகக் கொடுக்கிறான். பியானோவில் உட்கார்ந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடுகிறான். அவள் பின்னால் நின்று கேட்கிறாள் என்று நம்பிக்கொண்டு. அந்த நேரம் பார்த்து டெட் உள்ளே வருகிறான். குடிபோதையில் தன்னோடு ஆடிய, முகம் மறந்துபோன, அத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருக்கும் அந்தப் பெண் இவள்தான் என்று ஆடிப் பார்த்தே கண்டுபிடிக்கிறான். ஜிம் உருகி உருகிப் பாடுகிறான், அவன் முதுகுக்குப் பின்னால் அவன் பாட்டுக்கே அவன் காதலி வேறொருவனோடு ஆடிக்கொண்டிருக்கிறாள், கடைசியில் இருவரும் அலங்காரத்துக்கு வைத்த பெரிய காகித இதயத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போகிறார்கள். அற்புதமான காட்சி. ஆனால் நீங்கள் அங்கே பார்ப்பது நடனத்தை. பாட்டு பின்னணியாகிவிடுகிறது. இதயத்தைப் பற்றிய பாட்டை, அதைக் கேட்காதவர்களுக்கு நடுவில் வைத்துவிட்டார்கள்.

‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ காட்சி நேர் எதிர். அதற்கு முன்னால் ஜிம்மும் லிண்டாவும் நைட் கிளப்பில் ஒருவருக்கொருவர் பொய் சொல்லியிருக்கிறார்கள். அவன் பெரிய கிளப் முதலாளி என்று, அவள் பெரிய பாடகி என்று. கிறிஸ்துமஸ் அன்று அவள் விடுதிக்கு வேலை கேட்டு வரும்போது இரண்டு குட்டும் உடைந்துவிடுகிறது. மறைக்க இனி எதுவுமில்லை. வெளியே பனி. விடுதி இன்னும் திறக்கவே இல்லை. பைப் புகைத்துக்கொண்டிருக்கும் ஜிம் பியானோவில் பாட்டைத் தொடங்குகிறான், பக்கத்திலிருக்கும் மரத்தில் தொங்கும் சின்ன மணிகளைப் பைப்பாலேயே தட்டுகிறான், டிங் டிங் என்று இசைக்குள் அது சரியாக விழுகிறது. இரண்டாம் முறை அவள் பாடுகிறாள், அவன் சேர்ந்துகொள்கிறான். நடனமில்லை, கேமரா பெரிதாக எங்கும் போவதில்லை.

கதையில் இதற்கு முன்னும் பின்னும் எல்லாரும் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். டெட் திருடுகிறான் என்றால் ஜிம் ஒளிக்கிறான். ஜூலை 4 அன்று ஹாலிவுட் ஆட்கள் லிண்டாவைப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், அவளை வரவிடாமல் செய்ய வேலையாளுக்குக் காசு கொடுத்து அவளை வழியிலேயே தடுக்கிறான்; வண்டி ஓடையில் இறங்குகிறது. நேர்மையாகச் சொன்னால் எனக்கு இந்தக் கதாநாயகனைவிட, நண்பனின் காதலியை வெளிப்படையாகவே திருடுகிற டெட் பரவாயில்லை என்று தோன்றும். இந்தச் சூழ்ச்சிகளுக்கெல்லாம் நடுவில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்காத சில நிமிடங்கள் அந்தப் பியானோ காட்சி. பாட்டு நம்பும்படியாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இதை சாண்ட்ரிச் தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்பதற்குப் படத்தின் முடிவே சாட்சி. லிண்டா கோபித்துக்கொண்டு ஹாலிவுட்டுக்குப் போய்விடுகிறாள். அங்கே ‘ஹாலிடே இன்’ கதையையே படமாக எடுக்கிறார்கள். ஸ்டுடியோவுக்குள் அந்த விடுதியை அச்சு அசலாக செட் போட்டிருக்கிறார்கள். கேமரா பின்னே நகர, விளக்குகள், கிரேன், ஆட்கள் எல்லாம் தெரிகின்றன. வேடிக்கை என்னவென்றால், இதுவரை நாம் நிஜ விடுதி என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்ததும் ஸ்டுடியோ செட்டுதான். லிண்டா இப்போது அதே பாட்டைக் கேமராவுக்காகப் பாட வேண்டும். பாடுகிறாள். பியானோ மேல் ஒரு பைப் இருப்பதைப் பார்க்கிறாள், ஜிம் ஒளிந்திருந்து வைத்தது. அதை எடுத்து மணிகளைத் தட்டுகிறாள். குரல் தடுமாறுகிறது. அப்போது எங்கிருந்தோ ஜிம்மின் குரல் வந்து பாட்டை எடுத்துக்கொள்கிறது. நிகழ்ச்சியாகப் பாடும்போது உடைந்துபோகிற பாட்டு, ஒருவருக்காகப் பாடும்போது மட்டும் நிற்கிறது. ரசிகர்கள் காதில் விழுந்தது இந்த வேறுபாடுதான், அவர்கள் அதைப் பெயர் சொல்லிச் சொல்லவில்லை, அவ்வளவே.

வானொலி, இசைத்தட்டு, படைவீரர்கள்

படம் வருவதற்கு முன்பே கிராஸ்பி இந்தப் பாட்டை ஒருமுறை வானொலியில் பாடிவிட்டார். 1941 கிறிஸ்துமஸ் அன்று, என்.பி.சி.யின் ‘கிராஃப்ட் மியூசிக் ஹால்’ நிகழ்ச்சியில். பேர்ல் ஹார்பர் முடிந்து 18 நாள். 1942 மே 29 அன்று டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஜான் ஸ்காட் ட்ராட்டர் இசைக்குழுவோடும் கென் டார்பி பாடகர் குழுவோடும் பதிவு செய்தார். ஏறத்தாழ 18 நிமிடத்தில் வேலை முடிந்தது என்பார்கள். ஜூலையில் படப் பாட்டுகளைக் கொண்ட, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டுகளின் தொகுப்பாக வெளிவந்தது. ஆறு தட்டில் ஒன்றின் ஒரு பக்கம் இது.

கோடையில் ஒன்றும் நடக்கவில்லை. இலையுதிர் காலம் வந்ததும் நிலைமை மாறியது. அக்டோபர் கடைசியில் பில்போர்டு பத்திரிகையின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம், 11 வாரம் அங்கேயே. அமெரிக்கப் படைகளுக்கான வானொலியில் இந்தப் பாட்டைக் கேட்டு வந்த கோரிக்கைகள் குவிந்தன.

அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்க வீரர்கள் எங்கே இருந்தார்கள்? ஒரு பகுதி பசிபிக்கில் குவாடல்கனால் தீவில், இன்னொரு பகுதி நவம்பரில் போய் இறங்கிய வட ஆப்பிரிக்காவில். ஒரு பக்கம் தென்னைமரமும் சேறும், இன்னொரு பக்கம் மணலும். பெர்லின் எழுதி, படத்தில் வெட்டப்பட்ட அந்த முன்வரி நினைவிருக்கிறதா? டிசம்பர் மாத வெயிலில் மரங்களைப் பார்த்தபடி வடக்குக்கு ஏங்குகிறவர்? பெவர்லி ஹில்ஸில் இருந்தால் அது கிண்டல். குவாடல்கனாலில் இருந்தால் கிண்டலில்லை. எழுத்திலிருந்து எடுத்துவிட்ட பகுதியைக் கேட்டவர்கள் தங்கள் சொந்தச் செலவில் நிரப்பிக்கொண்டார்கள்.

போருக்கென்றே செய்யப்பட்ட சுதந்திரப் பாட்டு, அத்தனை விமானங்களோடும் தளபதிகளோடும், யாருக்கும் நினைவில் இல்லை. பெர்லினே அப்போது படைவீரர்களை வைத்து ‘திஸ் இஸ் தி ஆர்மி’ என்று பெரிய மேடை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார், 1942 ஜூலை 4 அன்று பிராட்வேயில் தொடங்கியது. போர் என்றால் என்ன பாட்டு வேண்டும் என்று அவருக்குத் தெரியும் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். வீரர்கள் கேட்டது போரே இல்லாத பாட்டை.

1943 மார்ச்சில் ஆஸ்கர். சிறந்த பாட்டுக்கான விருதை அறிவிக்க மேடையேறியவர் யார் தெரியுமா, பெர்லினேதான். உறையைப் பிரித்துத் தன் பெயரைத் தானே வாசித்துத் தனக்கே விருதைக் கொடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1945இலும் 1946இலும் பாட்டு மறுபடி முதலிடத்துக்கு வந்தது. அச்சு எடுத்து எடுத்து மூலத்தகடு தேய்ந்துபோக, 1947 மார்ச்சில் கிராஸ்பி அதே குழுக்களோடு மறுபடி பதிவு செய்தார். இன்று கடைகளிலும் டிவியிலும் பெரும்பாலும் ஒலிப்பது அந்த இரண்டாவது பதிவு.

டிவியில் வெட்டப்படும் பாட்டு

காலண்டர் திட்டத்துக்கு ஒரு விலையும் இருந்தது. விடுமுறைப் பட்டியலில் பிப்ரவரி 12, ஆபிரகாம் லிங்கன் பிறந்தநாள். அதற்கும் ஒரு பாட்டு வேண்டுமே. டெட் அந்த மர்மப் பெண்ணைத் தேடி வருகிறான் என்று தெரிந்ததும், லிண்டாவை அவன் கண்ணில் படாமல் மறைக்க ஜிம் கண்டுபிடிக்கும் வழி, அவள் முகத்தில் கரியைப் பூசி, கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் பழைய மேடை வழக்கப்படி வேடம் போட்டுவிடுவது. அவனும் கரி பூசிக்கொள்கிறான். இசைக்குழுவும் பரிமாறுகிறவர்களும் அதே வேடத்தில். அழகாக அலங்கரித்துக்கொண்டு மேடையேறலாம் என்று இருந்தவளுக்கு உண்மைக் காரணத்தைச் சொல்வதும் இல்லை. இதற்கு நடுவில் சமையலறையைக் காட்டுகிறார்கள்: சமையல்காரி மேமியாக லூயிஸ் பீவர்ஸ், இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, அடிமைகளை விடுவித்த லிங்கனைப் பற்றிய வரிகளைப் பாடுகிறார். உண்மையான கறுப்பினப் பெண் சமையலறையில், பூசிய கறுப்பு கூடத்தில். படம் தன்னை அறியாமலே இதைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுகிறது.

1980களிலிருந்து பல அமெரிக்க சேனல்கள் இந்தப் பகுதியை மொத்தமாக வெட்டிவிட்டுத்தான் ஒளிபரப்பின. பண்டிகை நாள் மதியம் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற நேரத்தில் அதைப் போட முடியாது என்பது புரிகிறது. ஆனால் வெட்டினால் இன்னொன்று நடக்கிறது: ஜிம் நல்லவனாகிவிடுகிறான். காதலிக்கிறவளின் முகத்தையே மறைத்து வைத்தாவது அவளைத் தக்கவைத்துக்கொள்ளப் பார்க்கிறவன் என்பது போய், ஏதோ கொஞ்சம் பொறாமைக்காரன் என்று மட்டும் மிஞ்சுகிறது. அவள் ஏன் அவ்வளவு கோபத்தோடு ஹாலிவுட்டுக்குப் போனாள் என்பதும் பாதிதான் விளங்கும். 2016இல் பிராட்வேக்கு இதை மேடை நாடகமாகக் கொண்டுவந்தவர்கள் லிங்கன் பகுதியையே எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லை, சரிதான். 1942 படத்தைப் படிக்க நினைக்கிறவர்கள் மட்டும் வெட்டாத பிரதியைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பாட்டு படத்தை விட்டுப் போன பிறகு

ஹாலிவுட் பாடம் கற்றுக்கொண்டது என்றால் இப்படித்தான்: 1954இல் அதே பாரமவுண்ட் ஸ்டுடியோ, அதே கிராஸ்பி, அதே பெர்லின், ஆனால் படத்தின் பெயரே ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’. மைக்கேல் கர்டிஸ் இயக்கம், விஸ்டாவிஷன் என்ற அகலத்திரை முறையில் வந்த முதல் படம், கண்ணைப் பறிக்கும் வண்ணம். இன்னொரு நாயகன் அஸ்டேராகத்தான் இருக்க வேண்டும் என்று திட்டம். அவர் கதையைப் படித்துவிட்டு மறுத்தார். டொனால்ட் ஓ’கானர் வந்தார், அவருக்கு உடம்பு முடியாமல் போய், கடைசியில் டேனி கே. வசூலில் அந்த ஆண்டின் மிகப்பெரிய படங்களில் ஒன்று. அதன் தொடக்கக் காட்சியைக் கவனியுங்கள்: 1944 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஐரோப்பாவில் போர்முனை, இடிந்த சுவர்களுக்கு நடுவில் வீரர்கள், கிராஸ்பி அந்தப் பாட்டைப் பாடுகிறார், டேனி கே ஒரு சின்ன இசைப்பெட்டியை முடுக்கிவிடுகிறார். இசைத்தட்டை வாங்கியவர்களையே கதைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். முதல் படத்தில் இருவருக்குள் நடந்தது, இங்கே ஒரு படைப்பிரிவுக்கு முன்னால் நடக்கிறது. வியாபாரமாக அது சரியான கணக்கு. ஆனால் காட்சியாக, மணியைப் பைப்பால் தட்டுவதற்கு முன்னால் அது நிற்காது.

படத்தின் பெயருக்கும் ஒரு தனி வாழ்க்கை கிடைத்தது. 1952இல் கெம்மன்ஸ் வில்சன் மெம்பிஸில் ஒரு சாலையோர விடுதி கட்டினார். அதற்கு வரைபடம் போட்ட எடி புளூஸ்டீன், படத்தை நினைத்து விளையாட்டாக ‘ஹாலிடே இன்’ என்று தாளில் எழுதிவைத்தார். வில்சனுக்குப் பிடித்துப்போக, அதுவே உலகம் முழுக்கப் பரவிய ஹோட்டல் சங்கிலியின் பெயராகிவிட்டது. சென்னை ஓ.எம்.ஆரில்கூட ஒன்று இருக்கிறது. வருடத்துக்குப் பதினைந்து நாள் மட்டுமே திறப்பேன் என்று அடம்பிடித்த விடுதியின் பெயரை, 365 நாளும் கதவு மூடாத தொழில் எடுத்துக்கொண்டது. ஜிம் கேட்டிருந்தால் மறுபடி சானடோரியத்துக்கே போயிருப்பான்.

பாட்டின் பயணத்தில் எனக்குப் படத்தோடு ஒட்டவே ஒட்டாத நாள் என்று தோன்றுவது 1975 ஏப்ரல் 29. வியட்நாம் போரின் முடிவில் சைகோனிலிருந்து அமெரிக்கர்கள் வெளியேறுவதற்கான ரகசிய அடையாளமாக, அங்கிருந்த ராணுவ வானொலியில் வெப்பநிலை 105 டிகிரி (ஃபாரன்ஹீட்), இன்னும் ஏறுகிறது என்ற அறிவிப்பும், அதையடுத்து ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டும் ஒலிபரப்பாயின. அடையாளத்துக்கு அதைவிட நல்ல தேர்வு கிடையாது. ஏப்ரல் மாதச் சைகோனில் தற்செயலாக யாரும் போட்டுவிட முடியாத பாட்டு, அதே சமயம் கேட்டால் அங்கிருந்த எந்த அமெரிக்கனுக்கும் அடையாளம் தெரியாமல் போகாத பாட்டு.